வறுத்த கோப்பியின் வாசம் தேடி...

ஒரு கேள்வி. உங்கள் வீட்டு அடுப்பில் கோப்பிக் கொட்டை வறுபடும் வாசம் கடைசியாக எப்போது எழுந்தது? போன மாதமா? போன வருடமா? அல்லது உங்கள் உம்மும்மா உயிரோடிருந்த காலத்திலா?

என்னிடம் யாராவது இப்படிக் கேட்டிருந்தால் நானும் விழித்திருப்பேன். கேட்டவர் என் உம்மா. வாயால் கேட்கவில்லை, ஒரு கிளாஸைத் தள்ளி வைத்தார், அவ்வளவுதான்.

உம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. இரண்டு கண்ணிலும் வெண்படலம். காய்ச்சலில் பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து வீட்டுக்கு வந்தவருக்கு வாய் முழுக்கக் கசப்பு. கஞ்சி வேண்டாம், சூப் வேண்டாம், பாண் வேண்டாம். மூன்றாம் நாள் சுபஹுக்குப் பிறகு, "ஒரு கோப்பி தாங்க மகள்" என்றார். எனக்கு வந்த சந்தோஷத்தில் பாக்கெட்டை வெட்டி, இரண்டு கரண்டி தூள் போட்டு, பால்மாவும் சீனியும் கலந்து ஓடிப்போய்க் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தார். கிளாஸை மெல்ல ஸ்டூலின் மேல் வைத்துத் தள்ளினார்.

"இது கோப்பியில்ல மகள். கோப்பி எண்டு எழுதின தூள்."

அன்று காலை பத்து மணிக்கே நான் கஹவத்தை டவுனுக்குப் போய்விட்டேன்.

வறுத்த கொட்டை வேண்டும் என்று கேட்ட முதல் கடையில் சிரித்தார்கள். "கொட்டைய வாங்கி என்ன செய்யப்போறீங்க தங்கச்சி? தூள் இருக்குதானே!" தூள் இருந்தது, எல்லாக் கடையிலும் விதம்விதமாக இருந்தது. கரைத்துக் குடிக்கும் உடனடிக் கோப்பி, பாலும் சீனியும் சேர்த்த சிறு பொட்டலங்கள், கொத்தமல்லி கலந்தது, கலக்காதது. கொட்டைதான் இல்லை. பெல்மதுளைக்குப் போனேன். அங்கும் அதே கதை. அடுத்த நாள் வேறு அலுவலாக இரத்தினபுரிக்குப் போனபோது ஒரு பெரிய கடையின் கண்ணாடித் தட்டில் வெளிநாட்டுப் பாக்கெட் ஒன்றில் முழுக்கொட்டை கண்டேன். விலையைப் பார்த்துவிட்டுத் திருப்பிப் பார்த்தேன். எப்போது காலாவதியாகும் என்று அச்சடித்திருந்தது. எப்போது வறுத்தது என்று இல்லை. அதைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் உம்மா அந்தக் கிளாஸையும் தள்ளித்தான் வைப்பார் என்று திருப்பி வைத்துவிட்டேன்.

எங்கள் ஊரின் பெயரைக் கேட்ட வெளியூர்க்காரர்கள் சிலர், 'கஹ்வா' என்ற அரபுச் சொல்தான் இப்படி ஆகிவிட்டதோ என்று கேட்பதுண்டு. ஆசையான கற்பனைதான்! சிங்களத்தில் 'கஹ' என்றால் மஞ்சள், 'வத்த' என்றால் தோட்டம். கோப்பிக்கு அந்த மொழியிலும் கோப்பிதான். நம்மவர்கள் பலர் வாய்க்குச் சுலபமாகக் 'காவத்தை' என்றே சொல்லிவிடுவார்கள். பெயரில் கஹ்வா இல்லாவிட்டாலும் ஊரில் இருக்கிறது என்பதை அன்று பின்னேரம் கண்டேன்.

மிளகு, கராம்பு, பாக்கு, கறுவாப்பட்டை வாங்கும் கடைகள் நம் ஊர்களில் எல்லாச் சந்தியிலும் உண்டல்லவா? அப்படி ஒரு கடையின் வாசலில் ஒதுங்கி நின்றபோது காலடியில் வாய் திறந்த சாக்கு ஒன்று. உள்ளே சாம்பலும் பச்சையும் கலந்த நிறத்தில் கோப்பிக் கொட்டை! பச்சைக் கொட்டை, காய வைத்து உமி நீக்கியது. எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். "எங்கிருந்து வரும்? உங்கட வளவுகள்ல இருந்துதான்" என்றார் கடைக்காரர். சுற்றியுள்ள கிராமத்து வீடுகளில் இரண்டு மரம், நான்கு மரம் என்று இருப்பதைப் பறித்து, கிலோ இரண்டு கிலோவாகக் கொண்டுவந்து விற்கிறார்கள். சாக்கு நிறைந்ததும் லொறியில் ஏறும். வெளியூரில் வறுபட்டு, அரைபட்டு, பொட்டலமாகி, மாதங்கள் கழித்து அதே தெருவின் எதிர்க்கடைக்கு வந்து சேரும்.

எனக்கு முகம் சிவந்துவிட்டது. எங்கள் கிணற்றடியிலும் இரண்டு கோப்பி மரம் நிற்கிறது. போன தைமாதம் அதன் கொட்டையை அப்படியே அள்ளிக் கொடுத்துக் காசு வாங்கியது நான்தான். எந்தக் கடைக்கு என்று சொல்லவும் வேண்டுமா?

தூளுக்கு ஏன் வாசம் இல்லை?

உம்மா சொன்னது கிழவியின் பிடிவாதம் என்று நினைத்துவிடாதீர்கள். பச்சைக் கோப்பிக் கொட்டைக்கு நாம் கோப்பி வாசம் என்று சொல்லும் எதுவுமே கிடையாது. மோந்து பாருங்கள், புல் வாசம்தான் வரும். அந்த வாசம் முழுவதும் வறுக்கும்போதுதான் பிறக்கிறது. கொட்டைக்குள் இருக்கும் இனிப்புச் சத்தும் புரதமும் சூட்டில் ஒன்றோடொன்று கலந்து நிறம் மாறும்போது நூற்றுக்கணக்கான வாசப்பொருட்கள் உண்டாகின்றன. கூடவே கரியமில வாயுவும் உண்டாகிக் கொட்டையின் நுண்ணறைகளில் அடைபட்டு நிற்கிறது. முழுக்கொட்டையாக வைத்திருந்தால் அந்த வாயு நாட்கணக்கில் மெதுவாக வெளியேறும். காற்றுப் புகாத போத்தலில் இரண்டு மூன்று வாரம் வாசம் நிற்கும். அரைத்துவிட்டாலோ அத்தனை அறைகளும் உடைந்துவிடுகின்றன. முதல் நாளிலேயே வாசத்தின் பெரும்பகுதி பறந்துவிடும், மிச்சமிருக்கும் எண்ணெய் காற்றுப் பட்டுச் சிக்கல் பிடிக்கும். பாக்கெட்டை எவ்வளவு அழகாக ஒட்டினாலும் போன வாசத்தைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

பச்சைக் கொட்டை அப்படியல்ல. நன்றாகக் காய்ந்திருந்தால் மாதக்கணக்கில், ஒரு வருடம் வரைகூடக் கெடாமல் இருக்கும். ஆகவே புதிதாக வறுத்த கோப்பி வேண்டுமென்றால் கடையில் தேடிப் பயனில்லை. பச்சையாக வாங்கி வைத்து வேண்டியபோது வேண்டிய அளவு வறுக்க வேண்டும். தமிழ்நாட்டிலே சென்னை, கும்பகோணம் போன்ற ஊர்களில் கொட்டையை வறுத்துக் கண்முன்னே அரைத்துக் கொடுக்கும் கடைகள் தெருவுக்குத் தெரு உண்டு. அங்கே இல்லத்தரசிகள் நூறு கிராம், இருநூறு கிராம் என்று வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்கிப் போவார்கள். நமக்கு அந்த வசதி இல்லை. ஆனால் அவர்களுக்கு இல்லாத ஒன்று, வளவிலே மரம், நமக்கு இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தூளாக வாங்கும்போது அதில் என்ன கலந்திருக்கிறது என்பது நமக்குத் தெரியாது. ஒரு கிளாஸ் குளிர்ந்த தண்ணீரின் மேல் சிட்டிகை தூளைத் தூவிப் பாருங்கள். கோப்பி சிறிது நேரம் மிதக்கும். சிக்கரிக் கிழங்குத் தூள் கலந்திருந்தால் அது சட்டென்று கீழே இறங்கும், இறங்கும்போதே பழுப்பு நிறக் கோடு விடும்.

லயத்து வாசலில்

இரண்டு கிலோ பச்சைக் கொட்டை வாங்கி வந்தேன். வந்த வேகத்தில் தாச்சியை வைத்து, நெருப்பை நன்றாக ஏற்றி, வறுத்தேன். பத்து நிமிடத்தில் வீடு முழுக்கப் புகை. வெளியே கரி, உள்ளே கடித்துப் பார்த்தால் பச்சை. உம்மா அறைக்குள்ளிருந்து இருமினார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பெரிய ஏச்சாக இருந்தது.

அடுத்த வீட்டு ராத்தா ஒரு வழி சொன்னார். தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்ற ஓர் அம்மா இருக்கிறார், இப்போதும் வீட்டிலேயே வறுத்து இடித்துத்தான் குடிக்கிறார் என்று. கஹவத்தையைச் சுற்றி எந்தானை, வெள்ளந்துரை, ஹவுப்பே என்று தேயிலையும் இறப்பருமாகத் தோட்டங்கள்தான். மேட்டில் ஏறி லயத்தைத் தேடிப் போனேன்.

லயத்துக்குப் பின்னால் ஓர் ஒடுங்கிய துண்டு நிலத்தில் வாழை, கறிவேப்பிலை, நடுவில் மூன்று கோப்பி மரம். அந்த அக்கா என்னைத் திண்ணையில் இருத்தி, முதலில் கேட்டது, "நெருப்பு எவ்வளவு வச்சீங்க தங்கச்சி?" நான் சொன்னதும் நெற்றியில் அடித்துக்கொண்டார். "கோவத்துல வறுக்கக் கூடாது. பிள்ளைக்குக் கஞ்சி காய்ச்சற மாதிரி வறுக்கணும்."

அவர் வறுக்கும்போது பேசிக்கொண்டே இருந்தார். அவருடைய அம்மாவின் பாட்டன் காலத்தவர்கள் தேயிலைக்கு வந்தவர்கள் அல்லராம், கோப்பிக்கு வந்தவர்களாம். இது வெறும் குடும்பக் கதையல்ல, நாட்டின் கதையே அதுதான்.

நம் நாட்டில் கோப்பிச் செடி வெள்ளைக்காரன் வருமுன்பே இருந்தது. அப்போது சிங்களக் கிராமங்களில் பூவைப் பன்சலைக்கும் இலையைக் கறிக்கும் எடுப்பார்களாம், கொட்டையை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. கண்டிச் சீமையின் கிராமங்களில் தவளம் எனப்படும் பொதிமாடுகளை ஓட்டிச் சென்று உப்பும் துணியும் கொடுத்து, பாக்கும் கோப்பியும் வாங்கி வந்தவர்களில் நம் முஸ்லிம் வியாபாரிகள் முன்னணியில் இருந்தார்கள். பிறகு 1820களில் கம்பளையில் ஜோர்ஜ் பேர்டும், கன்னொறுவையில் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸும் தோட்டமாகப் போட்டார்கள். 1840களில் காடு காடாக வெட்டிக் கோப்பி நட்டார்கள். 1867இல் கொழும்பிலிருந்து கண்டிக்கு ரயில் ஓடியதும் கோப்பி மூட்டைக்காகத்தான். 1870களில் இரண்டரை இலட்சம் ஏக்கருக்கு மேல் கோப்பி நின்றது. நம் பக்கத்து றக்வானையும் அன்று பேர்பெற்ற கோப்பிப் பகுதி.

அந்தக் கொட்டையைப் பறிக்கத்தான் தென்னிந்தியாவிலிருந்து மக்கள் மன்னாரில் கரையிறங்கிக் காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். வாந்திபேதியிலும் பசியிலும் வழியில் மடிந்தவர்கள் ஆயிரமாயிரம். கோப்பி பருவப் பயிர். பழம் பறித்து முடிந்தால் பலர் ஊருக்குத் திரும்பிவிடுவார்கள். 1869இல் மடுல்சீமையில் கோப்பி இலையின் அடியில் ஒரு செம்மஞ்சள் தூள் தென்பட்டது. பூஞ்சண நோய். பத்துப் பதினைந்து வருடத்தில் தோட்டம் தோட்டமாக மொட்டையாயிற்று. 1884இல் தோட்டக்காரர்களுக்குக் கடன் கொடுத்து வந்த ஓரியன்டல் வங்கியே முறிந்தது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் நட்டிருந்த தேயிலை அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. தேயிலைக்குப் பருவம் கிடையாது, வருடம் முழுக்கக் கொழுந்து பறிக்க வேண்டும். வந்தவர்கள் திரும்பிப் போக முடியாமல் லயத்தில் நிலைத்தது அப்படித்தான். அந்த அக்காவின் லயத்துக்குப் பின்னால் மூன்று மரம் நிற்பதைப் பார்த்தபோது, இந்த மனிதர்களை இங்கே இழுத்து வந்த செடி அவர்கள் வீட்டுக் கொல்லையில் மட்டும் மிஞ்சியிருக்கிறதே என்று தோன்றியது.

இப்போது நம் வளவுகளில் நிற்பது பெரும்பாலும் அன்றைய அரபிக்கா இனம் அல்ல. அது குளிர்ந்த மலையை விரும்புவது. நோய் தாங்கக்கூடிய, தாழ்நிலத்திலும் வளரும் ரொபஸ்டாவே நம்முடையது. கொஞ்சம் கசப்பு, கொஞ்சம் முரட்டுத்தனம், கோப்பியின் கிறக்கச் சத்தும் அதில் ஏறக்குறைய இரட்டிப்பு. மலை நாட்டு அரபிக்காவுக்கு இது ஈடில்லை என்று சுவை அறிந்தவர்கள் சொல்வார்கள். சொல்லட்டும். நேற்று வறுத்த ரொபஸ்டாவையும் போன வருடம் அரைத்த அரபிக்காவையும் ஒன்றாக வைத்தால் நான் எதை எடுப்பேன் என்று எனக்குத் தெரியும்.

கஹ்வாவின் ஊர்

வறுக்கும் வேலை பெண்களின் கையில் இருந்தது நம் நாட்டில் மட்டுமல்ல. கோப்பியின் தாயகமான எத்தியோப்பியாவில் இன்றும் விருந்தாளி வந்தமர்ந்த பிறகுதான் வீட்டுப் பெண் பச்சைக் கொட்டையைக் கழுவி அடுப்பில் வைப்பாள். வறுபட்டதும் புகையோடு சட்டியைக் கொண்டுவந்து ஒவ்வொருவர் முன்னும் காட்டுவாள், வாசம் பிடிக்க. அதன்பின் இடித்துக் காய்ச்சி மூன்று சுற்றுப் பரிமாறுவாள். மூன்றாம் சுற்றின் பெயர் 'பரக்கா'. ஆம், நம்முடைய அதே பரக்கத்துத்தான்!

எத்தியோப்பியாவிலிருந்து கடல் தாண்டிய செடியைப் பானமாக உலகுக்குக் கொடுத்தவர்கள் யெமன் முஸ்லிம்கள். பதினைந்தாம் நூற்றாண்டில் அங்குள்ள ஸூஃபியாக்கள் இரவு திக்ரில் தூக்கம் வராதிருக்க கஹ்வா அருந்தினார்கள். அது மக்காவுக்கு வந்தபோது பெரிய சர்ச்சையே எழுந்தது. 1511இல் மம்லூக் ஆட்சியின் அதிகாரி காயிர் பேக் உலமாக்களையும் வைத்தியர்களையும் கூட்டித் தடை விதித்தார். கெய்ரோவிலிருந்து வந்த சுல்தானின் உத்தரவு அவ்வளவு கடுமையாக இருக்கவில்லை, தடையும் நிலைக்கவில்லை. 1558 அளவில் அப்துல் காதிர் அல்ஜஸீரி என்ற அறிஞர் கஹ்வா ஆகுமானதே என்று வாதிட்டு ஒரு தனி நூலே எழுதினார். பிறகு மோக்கா துறைமுகத்திலிருந்து அது உலகெங்கும் போயிற்று. யெமனியர்கள் கொட்டையின் காய்ந்த தோலை இஞ்சி போட்டுக் காய்ச்சிக் 'கிஷ்ர்' என்று குடிப்பார்கள். நம் வீடுகளில் சுக்குத் தட்டிப் போடும் கோப்பிக்கு அது தூரத்துச் சொந்தமாக இருக்கலாமோ என்று எனக்கு ஓர் எண்ணம். எண்ணம்தான், ஆதாரம் கேட்காதீர்கள்.

கோப்பியைப் பற்றிப் பேசினால் மரநாய் பற்றியும் யாராவது கேட்பார்கள். அது நன்கு பழுத்த பழத்தைத் தின்று கொட்டையை முழுசாகக் கழித்துவிடும். தோட்டப்புறங்களில் அதைப் பொறுக்கிக் கழுவிக் காய வைப்பவர்கள் உண்டு. இந்தோனேசியாவில் அதற்குப் பெரும் விலை. ஆகுமா ஆகாதா என்ற கேள்விக்கு அந்நாட்டு உலமா சபை 2010இல் ஃபத்வா கொடுத்தது: கொட்டை உடையாமல், விதைத்தால் முளைக்கும் நிலையில் இருந்தால், கழுவிச் சுத்தம் செய்தபின் ஆகும் என்று. உங்களுக்கு ஐயமிருந்தால் உங்கள் ஊர் மௌலவியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எனக்கு மரத்தில் பறித்ததே போதும்.

உம்மாவின் காது

அக்கா சொல்லித் தந்த முறைக்கு வருகிறேன். அடி கனமான தாச்சி. ஒரு தடவைக்குக் கால் கிலோ, மிஞ்சினால் அரைக் கிலோ. நடுத்தர நெருப்பு. கொட்டை விழுந்த நேரம் முதல் அகப்பை நிற்கக் கூடாது. முதலில் பச்சை போய் மஞ்சளாகும், வைக்கோல் வாசம் வரும். பிறகு இலேசான பழுப்பு. ஏறக்குறைய 200 பாகை சூட்டை எட்டும்போது கொட்டை வெடிக்கத் தொடங்கும். சோளம் பொரிவதைப் போல நன்றாகக் கேட்கும் சத்தம். அது அடங்கிச் சிறிது நேரத்தில் இரண்டாவது சத்தம் ஆரம்பிக்கும். அது மெல்லியது, நெருப்பில் உப்புக்கல் பொரிவதைப் போல. முதல் சத்தம் ஓய்ந்து இரண்டாவது எட்டிப் பார்க்கும் அந்த இடைவெளியில் இறக்க வேண்டும். முந்தினால் புளிப்பு, பிந்தினால் கரி. பதினைந்து முதல் இருபது நிமிடம் பிடிக்கும். இறக்கியதும் தாச்சியிலேயே விட்டால் அதன் சூட்டில் மேலும் கருகும். உடனே சுளகில் கொட்டிப் புடைத்து ஆற்ற வேண்டும், உமியும் பறந்துவிடும். ஒரு கிலோ பச்சைக் கொட்டை வறுத்தால் எண்ணூறு எண்ணூற்றைம்பது கிராம்தான் மிஞ்சும். பயப்படாதீர்கள், போனது பெரும்பாலும் தண்ணீர்.

எல்லாம் கேட்டுக்கொண்டு வந்தும் இரண்டாம் முறை வறுக்கும்போது எனக்குக் கை நடுங்கியது. 2022இல் எரிவாயு வரிசையில் நின்று அலுத்துப் பின்பக்கம் கட்டிய விறகடுப்பு இப்போதும் இருக்கிறது. அதில் பிஸ்மில்லாஹ் சொல்லித் தாச்சியை வைத்தேன். திரும்பிப் பார்த்தால் உம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து படியில் உட்கார்ந்திருக்கிறார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் தானாக நடந்து வந்தது அன்றுதான்.

அவருக்குக் கொட்டையின் நிறம் தெரியாது. அடுப்பைப் பார்க்கவுமில்லை. முற்றத்துப் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு, "விறகக் கொஞ்சம் இழுங்க" என்றார். இழுத்தேன். முதல் சத்தம் தொடங்கியது. "பதறாதீங்க, கிண்டுங்க." சத்தம் ஓய்ந்தது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. நிறம் போதாது போலிருந்தது. "இப்ப இறக்குங்க!" என்றார். நான் தயங்கினேன். "இறக்கு புள்ள!" என்று ஒரு அதட்டல். காய்ச்சலுக்குப் பிறகு அந்தக் குரலை நான் கேட்கவில்லை. இறக்கிச் சுளகில் கொட்டும்போதுதான் எனக்கும் கேட்டது, நாலைந்து கொட்டை மெதுவாக நொறுங்குவதைப் போல.

நாற்பது வருடமாக அந்த வீட்டில் வறுத்தவர் அவர். எத்தனை பாகை, எத்தனை நிமிடம் என்று ஒருநாளும் கணக்குச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. பாக்கெட் வாங்கத் தொடங்கியது என் கல்யாணத்துக்குப் பிறகுதான், நேரம் மிச்சம் என்று. அந்தக் காது ஒருநாள் மூடிவிட்டால் நான் யாரிடம் போய்க் கேட்பேன் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. இப்போது ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். எழுத்தில் சத்தம் கேட்காதுதான், இருந்தாலும்.

சில விஷயங்களை மறந்துவிடாமல் சொல்லிவிடுகிறேன். கொட்டை வாங்கும்போது பல்லில் கடித்துப் பாருங்கள். பல் பதிந்தால் சரியாகக் காயவில்லை. வெறும் நிலத்தில் ஈரத்தோடு காய வைத்த கொட்டையில் பூஞ்சணம் பிடித்து நஞ்சு உண்டாகும். வறுத்தாலும் அது முற்றாக அழியாது. இரத்தினபுரிப் பக்கத்தில் வருடத்துக்கு 3500 மில்லிமீற்றருக்கும் மேல் மழை. ஆகவே உங்கள் மரத்துப் பழத்தைக் காய வைப்பதென்றால் பாய் அல்லது தட்டி மேல் பரப்பி, மழை இருட்டினால் அள்ளி உள்ளே வையுங்கள். அணில் தின்னும், கள்ளன் பறிப்பான் என்ற பயத்தில் கிளையோடு உருவிப் பச்சைக்காயையும் சேர்த்துக் காய வைக்கிறோம் பாருங்கள், நம் வீட்டுக் கோப்பி காறுவதற்கு அதுவும் ஒரு காரணம். சிவந்ததை மட்டும் இரண்டு மூன்று தடவையாக ஆய்ந்தால் அதே மரம் வேறு கோப்பி தரும். நாற்று வேண்டுமென்றால் ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் உங்கள் பகுதி உத்தியோகத்தரிடம் கேளுங்கள். மிளகோடு கோப்பியும் அவர்களுடைய பொறுப்பில் உள்ள பயிர்.

வறுத்ததும் உடனே இடிக்காதீர்கள். ஒரு நாளாவது ஆறட்டும், அந்த வாயு சற்று இறங்கினால்தான் சுவை கூடும். அதன்பின் இரண்டு மூன்று நாளைக்கு வேண்டியதை மட்டும் உரலில் இடித்தோ மிக்ஸியில் அரைத்தோ எடுங்கள். கொத்தமல்லி, சுக்கு சேர்ப்பதானால் தனியாக இலேசாக வறுத்துச் சேருங்கள், கோப்பியோடு போட்டால் மல்லி முதலில் கருகிவிடும். பால்மா இல்லாமல், ஒரு துண்டுக் கித்துல் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு வெறுங்கோப்பியாகக் குடித்துப் பாருங்கள்.

பிள்ளை வயிற்றில் இருக்கும் சகோதரிகள் கவனம். கோப்பியின் கிறக்கச் சத்து ஒரு நாளைக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் போகாதிருப்பது நல்லது என்கிறார்கள் வைத்தியர்கள். நம் ரொபஸ்டாவில் கடுப்பாக ஊற்றினால் இரண்டு கோப்பையிலேயே அது எட்டிவிடும். இரத்தக் குறைவு உள்ளவர்கள் சாப்பாட்டோடு கோப்பியோ தேத்தண்ணீரோ குடிக்க வேண்டாம், உணவிலுள்ள இரும்புச் சத்தை உடம்பு எடுக்க விடாது. ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். கொழுப்பு ஏறியவர்கள் கொதிக்க வைத்த கோப்பியை அப்படியே குடிக்காமல் கடதாசி வடியில் வடித்துக் குடிப்பது நல்லது. உம்மாவுக்கு இந்த அறிவுரையை நான் சொல்லிப் பார்த்தேன். "எழுவத்தெட்டு வயசுக்குப் பொறகு கடதாசியா?" என்று கேட்டார்.

அடுத்த நாள் அஸருக்குப் பிறகு இடித்து, கொதி தண்ணீர் ஊற்றி, அடங்கவிட்டுத் தெளிவாக ஒரு கிளாஸ் கொடுத்தேன். இரண்டு கையாலும் பிடித்து முதலில் மோந்தார். வெகுநேரம் மோந்தார். பிறகு மெதுவாகக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்:

"மல்லி கூடிட்டு."

அல்ஹம்துலில்லாஹ், குற்றம் கண்டுபிடிக்கத் தொடங்கிவிட்டாரே! இரவு கஞ்சியும் கேட்டு வாங்கிக் குடித்தார். படுக்கும்போது, "அந்த லயத்துப் புள்ளைக்கும் ஒரு போத்தல் அனுப்புங்க, வெறுங்கையோட வந்தீங்கதானே" என்றார். கொஞ்ச நேரம் பேச்சில்லை. உறங்கிவிட்டார் என்று விளக்கை அணைக்கப் போனேன்.

"கிணத்தடி மரத்துல பழம் செவக்கத் தொடங்கியிருக்கும். இந்த முறை கடைக்குக் குடுத்துராதீங்க மகள்."